நம் மார்க்கம் வாசற்படியோடு முடிந்துவிடுகிறதா?

 

ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளியேறும் காட்சியை நாம் அனைவரும் அறிவோம். உள்ளே பளிங்குத் தரை, ஹவ்ளில் தெளிந்த தண்ணீர், காலுக்குக் கீழே தூசியற்ற விரிப்பு. உளூச் செய்யும்போது குதிகாலில் ஒரு சிறு இடம்கூட நனையாமல் விடுபட்டுவிடக் கூடாது என்று கவனமாகத் தேய்த்துக் கழுவியவர்கள்தாம் நாம். வாசற்படியைத் தாண்டியதும் அதே நாம் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேங்கிய சாக்கடை நீரில் யாரோ எப்போதோ போட்டுவைத்த செங்கற்களின் மீது அடிமேல் அடியெடுத்து வைத்து வீடு திரும்புகிறோம். முதியவர் ஒருவர் தடுமாறினால் கைகொடுக்கிறோம். அது நம் நற்குணம். ஆனால் அந்தச் சாக்கடை ஏன் அங்கே நிற்கிறது, அதை நிறுத்துவதற்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்பதில்லை. அதுதான் இந்தக் கட்டுரையின் வழக்கு.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை மக்தபில் ஓதும் சிறுவனும் அறிவான். வழியில் கிடந்த முட்கிளையை அகற்றியதற்காக ஒரு மனிதர் மன்னிக்கப்பட்ட செய்தியையும் பயான்களில் கேட்டிருக்கிறோம். உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவில் ரூமா கிணற்றை விலைகொடுத்து வாங்கி மக்களுக்கு அர்ப்பணித்த வரலாற்றைச் சொல்லாத வக்ஃபு மேடை இல்லை. பாதை, நிழல், தண்ணீர்த்துறை ஆகியவை எல்லோருக்கும் உரியவை. அவற்றைக் கெடுப்பது சாபத்துக்குரிய செயல். இவ்வளவும் தெரிந்த சமுதாயத்தின் தெருக்கள் ஏன் இப்படி இருக்கின்றன? நமக்குப் போதனை குறைவில்லை. போதனையைத் தெருவுக்குக் கொண்டுவரும் துணிவுதான் குறைவு.

இதைச் சொன்னவுடன் வரும் பதில்களையும் நாம் அறிவோம். "வரி கட்டுகிறோம், அரசாங்கம் செய்யட்டும்" என்பது முதலாவது. "அதற்கெல்லாம் இலட்சக்கணக்கில் செலவாகும்" என்பது இரண்டாவது. "நாமென்ன இன்ஜினியர்களா?" என்பது மூன்றாவது. "நம் தெருவில் நாலு பேர் ஒன்றாக உட்கார மாட்டார்கள்" என்பது நான்காவது. இந்த நான்கும் புதியவை அல்ல. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, நம்மைவிடப் பன்மடங்கு ஏழைகளாக இருந்த மக்கள் இதே நான்கையும் சொன்னார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கடந்தும் காட்டினார்கள். அந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஒராங்கியின் கதை

பாகிஸ்தானின் கராச்சி நகரத்தின் வடமேற்கு ஓரத்தில் ஒராங்கி என்றொரு பகுதி உண்டு. அறுபதுகளில் அங்குக் குடியேற்றம் தொடங்கியது. 1971இல் வங்கதேசம் பிரிந்தபோது அங்கிருந்து வந்த பீகாரி அகதிகள் பெருமளவில் வந்து சேர்ந்தார்கள். பட்டாணியர், பஞ்சாபியர், முஹாஜிர்கள், சிந்திகள், பலூச்சிகள் எனப் பல மொழியினர் அருகருகே வீடு கட்டிக்கொண்டார்கள். அரசாங்கம் திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்பு அன்று அது. மக்கள் தாமே மனை வாங்கி, கடனுக்குக் கல்லும் சிமெண்டும் பெற்று எழுப்பிய ஊர். வீடு வந்தது, கழிவுநீர் போக வழி வரவில்லை. வாளிக் கழிப்பறைகளும் உறிஞ்சு குழிகளும்தான் இருந்தன. அழுக்கு நீர் தெருவிலேயே ஓடியது, வீட்டு அஸ்திவாரங்களை அரித்தது, குழந்தைகளை நோயாளிகளாக்கியது.

1980இல் அங்கு ஒரு முதியவர் வந்தார். பெயர் அக்தர் ஹமீது கான். 1914இல் ஆக்ராவில் பிறந்தவர். ஆங்கிலேயர் ஆட்சியில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து, வங்கப் பஞ்சத்தின் கொடுமையைக் கண்ணால் கண்ட பிறகு அந்தப் பதவியைத் துறந்தவர். பதவியை விட்டதும் அலிகர் அருகே ஒரு கிராமத்தில் பூட்டுச் செய்யும் தொழிலாளியாக உழைத்துப் பார்த்தவர். பின்னர் கிழக்கு வங்காளத்தின் கொமில்லாவில் கல்லூரி முதல்வராகவும், ஊரக வளர்ச்சிக் கழகத்தின் நிறுவனராகவும் இருந்து, 1963இல் மகசேசே விருது பெற்றவர். அறுபத்தைந்து வயதைக் கடந்த நிலையில் ஓய்வெடுக்காமல் ஒராங்கியின் சந்துகளில் நடந்து, மக்களிடம் பேசி, அவர்கள் பேசுவதைக் கேட்டார். அவர் தொடங்கிய முயற்சியே 'ஒராங்கி முன்னோடித் திட்டம்'.

மக்கள் அவரிடம் சொன்னது ஒன்றே: சாக்கடையை அரசாங்கம் இலவசமாகப் போட்டுத் தர வேண்டும். நம்மிடையே இன்று உள்ள மனநிலைதான். அதை அவர் தடைகளுள் முதலாவதாகக் கண்டார்: மனத்தடை. அதையடுத்துப் பொருளாதாரத் தடை, தொழில்நுட்பத் தடை, சமூகத் தடை. மக்களுக்காகக் குழாய் பதித்துக் கொடுப்பது தம் வேலையன்று, இந்த நான்கு தடைகளையும் அகற்றுவதே தம் வேலை என்று அவர் முடிவு செய்தார்.

அவர்கள் எப்படிச் செய்தார்கள்?

முதலில் அளவைச் சுருக்கினார்கள். ஒராங்கி முழுவதையும் ஒரே அமைப்பில் திரட்ட முயலவில்லை. இருபது, முப்பது வீடுகள் கொண்ட ஒரு தெருவே ஓர் அலகு. அந்த வீட்டார் கூடிப் பேசித் தமக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். "நாலு பேர் ஒன்றாக உட்கார மாட்டார்கள்" என்ற சமூகத் தடை இந்த இடத்தில்தான் உடைந்தது. ஆயிரம் வீடுகள் ஒன்றுபடுவது கடினம். ஒரே சாக்கடையை மிதித்து நடக்கும் இருபது வீடுகள் ஒன்றுபடுவது அவ்வளவு கடினமன்று.

அடுத்தது பணம். திட்டத்தார் மக்களிடமிருந்து ஒரு காசுகூடப் பெற்றுக்கொள்ளவில்லை, மக்களுக்கு மானியமும் கொடுக்கவில்லை. வசூலிப்பதும் மக்கள், பொருள் வாங்குவதும் மக்கள், கணக்கு வைப்பதும் மக்கள். திட்டத்தார் தந்தவை மூன்று: மட்டம் பார்த்துப் போட்ட வரைபடம், செலவு மதிப்பீடு, கருவிகள். அரசாங்கத்தின் மதிப்பீட்டில் பன்மடங்காக இருந்த செலவு, வீட்டுக்குச் சுமார் 1,000 ரூபாய் என்ற அளவுக்கு இறங்கியது. இதில் மாயம் எதுவும் இல்லை. ஒப்பந்தக்காரரின் இலாபமும் கைமாறும் கையூட்டும் கழிந்தன. வடிவமைப்பு எளிமையாக்கப்பட்டது. மேன்ஹோல்களை வார்க்கும் இரும்பு அச்சுகள் தெருவுக்குத் தெரு இரவலாகச் சுற்றி வந்தன. மக்கள் தாமே மண்வெட்டி பிடித்தார்கள்.

தொழில்நுட்பத் தடை எளிதில் விழவில்லை. தொடக்கத்தில் போட்ட வேலைகளில் பல தரமற்றிருந்தன. கலவை சரியில்லை, காங்கிரீட்டுக்குப் போதிய அளவு தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும் என்பது பலருக்குத் தெரியவில்லை. திட்டத்தார் அதை மறைக்கவில்லை. தவறுகளை ஆராய்ந்தார்கள், கட்டடக் கலைஞர் ஆரிஃப் ஹசன் போன்றோரின் துணையுடன் வடிவத்தைத் திருத்தினார்கள், தெருவாசிகளுக்கும் கொத்தனார்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். கல்வி குறைந்த ஓர் எளிய மனிதர் தம் தெருவின் வாட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது, குழாய் எத்தனை அடி ஆழத்தில் போக வேண்டும் என்பதைச் சொல்லக் கற்றார்.

வாட்டம் என்ற அந்தச் சொல்லில் ஒரு பாடமும் இருக்கிறது. நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே ஓடும். அதற்கு மொழியும் தெரியாது, குலமும் தெரியாது. மேல் தெருக்காரர் தம் வேலையைச் செய்ய வேண்டுமானால் கீழ்த் தெருக்காரரிடம் பேசியே ஆக வேண்டும். 1986 டிசம்பரில் இதே ஒராங்கியில் இனக்கலவரம் நடந்தது, இரத்தம் சிந்தியது. சாக்கடைக் குழாய் அந்தப் பகையைத் தடுத்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அந்தக் காயத்துக்குப் பிறகும் தெருக்களில் வேலை நிற்கவில்லை என்று மட்டும் சொல்கிறோம். புதிய நூற்றாண்டு பிறந்தபோது ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களில், ஏறத்தாழ 90,000 வீடுகளுக்கு மக்கள் தம் சொந்தப் பணத்தில் கழிவுநீர் வழி அமைத்திருந்தார்கள்.

"அப்படியானால் அரசு தப்பித்துக்கொள்ளுமே?"

இதுவே நம்மிடையே படித்தவர்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். மக்களே எல்லாவற்றையும் செய்துகொள்ளட்டும் என்று ஆட்சியாளர்கள் கைகழுவிவிட இது வழிவகுக்காதா?

ஒராங்கி மக்கள் இதற்குத் தெளிவான எல்லைக்கோடு வரைந்தார்கள். வீட்டுக்குள் கழிப்பறை, தெருவில் குழாய், தெருக்களைச் சேர்க்கும் இடைநிலை வடிகால் ஆகிய மூன்றும் உள்வேலை. அவை மக்களின் பொறுப்பு. அவற்றுக்கு அப்பால் உள்ள பெரும் வடிகாலும் சுத்திகரிப்பு நிலையமும் வெளிவேலை. அது அரசின் பொறுப்பு. தம் பங்கை முடித்துவிட்டு, அதன் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கள் பகுதி இதோ, உங்கள் பகுதி எங்கே?" என்று கேட்கும் மக்களின் குரலுக்கும், வெறுமனே மனு எழுதிக் கொடுப்பவர்களின் குரலுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த அதிகாரியும் அறிவார்.

அந்த வரைபடங்களின் வலிமைக்குச் சான்று பர்வீன் ரஹ்மான் அவர்கள். கட்டடக் கலை படித்த அந்தச் சகோதரி 1983இல் இத்திட்டத்தில் சேர்ந்து, கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளையும் ஓடைகளையும் ஒவ்வொன்றாக வரைபடமாக்கினார். எங்கே யார் நிலத்தைக் கவர்கிறார்கள், எங்கே தண்ணீர் திருடப்படுகிறது என்பதும் அந்த ஆய்வுகளில் தெரியவந்தது. 2013 மார்ச் 13 அன்று பணி முடித்துத் திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தெருவின் வரைபடம் வெறும் காகிதம் என்று நினைப்பவர்கள் அந்த உயிரின் விலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லைக்கோட்டின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசு தன் பங்கை முழுமையாகச் செய்யவில்லை. கராச்சியின் கழிவுநீரில் பெரும்பகுதி இன்றும் சுத்திகரிக்கப்படாமலே கடலில் கலக்கிறது. 2020 ஆகஸ்டில் பெருமழை கொட்டியபோது ஓடைகள் பொங்கி நகரம் மூழ்கியது. அதற்கு அடுத்த ஆண்டு ஒராங்கி ஓடை, குஜ்ஜர் ஓடை ஆகியவற்றின் கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. மக்கள் செய்த உள்வேலை, அரசு செய்யாத வெளிவேலைக்கு மாற்றாகிவிடாது. எனவே நாம் சொல்வது "அரசைக் கேட்காதீர்கள்" என்பதன்று. "கையைக் கட்டிக்கொண்டு கேட்காதீர்கள்" என்பதே.

நம் கணக்கைப் பார்ப்போம்

இப்போது நம் மஹல்லாவுக்கு வருவோம். நம்மிடம் ஒராங்கி மக்களிடம் இல்லாத ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: ஜமாஅத். ஒவ்வொரு வீட்டின் பெயரும் அதன் பதிவேட்டில் உண்டு. சந்தா வசூலிக்கத் தெரியும், கணக்கு எழுதத் தெரியும். மய்யித்து விழுந்தால் ஒரு மணி நேரத்தில் கபர் வெட்ட ஆள் திரட்டத் தெரியும். இவ்வளவு கட்டுக்கோப்பான அமைப்பு எதற்குப் பயன்படுகிறது? மினாராவுக்கு மீண்டும் வண்ணம் பூச வசூல் நடக்கிறது. தெருமுனையில் அலங்கார வளைவு எழுப்ப வெளிநாட்டுச் சகோதரர்களுக்குச் செய்தி போகிறது. அதே வளைவின் காலடியில் குப்பை மலை. அதன் பக்கத்தில் மகப்பேற்றுக்குப் போகும் ஆட்டோ நுழைய முடியாத சந்து. வளைவில் பெயர் பொறிக்க இடம் உண்டு, சாக்கடையில் பெயர் பொறிக்க இடமில்லை என்பதுதானா காரணம்? அப்படியானால் நாம் தேடுவது நன்மையையா, பெயரையா?

இங்கே ஒரு விளக்கம் தேவை. ஜகாத் யாருக்குரியது என்பது வரையறுக்கப்பட்ட விஷயம். அதைத் தெருவேலைக்குத் திருப்பச் சொல்வது நம் நோக்கமன்று. நாம் பேசுவது நன்கொடையைப் பற்றி, உழைப்பைப் பற்றி, மரணத்துக்குப் பின்னும் நன்மை தொடரும் ஸதகத்துல் ஜாரியாவைப் பற்றி. ஒரு மரம், ஒரு தண்ணீர்க் குழாய், முதியவர் தடுக்கி விழாத ஒரு நடைபாதை ஆகியவை அந்தக் கணக்கில் சேராதென்று எந்த ஆலிமும் சொல்ல மாட்டார்.

பணத்தைவிடவும் கசப்பான ஒன்று உண்டு. தெருவைக் குறுக்கியது யார்? வீட்டுக்கு முன் ஒரு படி, படிக்கு முன் ஒரு சாய்தளம், சாய்தளத்துக்கு முன் ஒரு வண்டி நிறுத்தம் என்று வடிகாலின் மீதே ஏறிக் கட்டியவர்கள் நாம்தாம். இந்தோனேசியாவின் சுரபாயா நகரில் 1969 முதல் கம்போங் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகள் சீரமைக்கப்பட்டபோது, நடைபாதைக்கு இடம் விடுவதற்காகக் குடியிருப்போர் தம் வேலிகளைப் பின்னே நகர்த்திக்கொண்டார்கள். கூடி உழைப்பதை அவர்கள் மொழியில் கோத்தோங் ரோயோங் என்பார்கள். அந்தப் பணிக்கு 1986இல் ஆகா கான் கட்டடக் கலை விருதும் கிடைத்தது. அவர்கள் வேலியை நகர்த்தினார்கள். நாம் ஒரு படிக்கட்டை நகர்த்த மாட்டோமா? பக்கத்து வீட்டுக்காரரின் மனையில் ஒரு சாண் எடுத்தால் ஹராம் என்று அஞ்சும் நாம், எல்லோருக்கும் சொந்தமான பாதையில் மூன்றடி எடுக்கும்போது ஏன் அஞ்சுவதில்லை?

எங்கே தொடங்குவது?

ஒரே ஒரு தெருவில் தொடங்குவோம். ஊர் முழுவதற்கும் திட்டம் போடுவது எதையும் செய்யாமல் இருப்பதற்கான அழகான வழி.

அந்தத் தெருவின் வீடுகளை எண்ணுவோம். எல்லா வீடுகளையும் எண்ணுவோம். முஸ்லிம் வீடுகளை மட்டுமன்று. பாதையிலிருந்து தொல்லையை அகற்றச் சொன்ன மார்க்கம், அந்தப் பாதையில் நடப்பவர் யார் என்று கேட்கவில்லை. பிற சமயத்து அண்டை வீட்டாரைப் பின்னர் அழைப்பிதழ் கொடுத்துக் கூப்பிடுவதைவிட, முதல் கூட்டத்திலேயே உடன் அமர்த்துவோம். பெண்களின் சொல்லைக் கேட்போம். இரவில் எந்த முனை இருட்டாக இருக்கிறது, எந்த இடத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளை சறுக்குகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அனுபவமுள்ள ஒரு கொத்தனாருடன் தெருவை நடந்து பார்த்து, ஒரு தாளில் வரைவோம். நீர் தேங்கும் இடம், எரியாத விளக்கு, உடைந்த மூடி, மரம் வைக்க இடம் என எல்லாவற்றையும் குறித்து, இரண்டாகப் பிரிப்போம்: நாம் செய்யக்கூடியது ஒன்று, மாநகராட்சியோ நகராட்சியோ செய்ய வேண்டியது மற்றொன்று. பாதாளச் சாக்கடை இரண்டாவதைச் சேர்ந்தது. அதன் மூடியைத் திறந்து ஒரு மனிதரை உள்ளே இறக்குவது சட்டப்படி குற்றம். மார்க்கப்படி ஓர் உயிருக்கு இழைக்கும் அநீதி. அதை எக்காரணம் கொண்டும் நாமும் செய்யக் கூடாது, பிறரையும் செய்யவைக்கக் கூடாது.

முதல் பட்டியலில் இருப்பதை நம் கையால், நம் பணத்தால் முடிப்போம். வரவும் செலவும் பள்ளிவாசல் பலகையிலும் தெருமுனைத் தேநீர்க் கடையிலும் ஒட்டப்படட்டும். இரண்டாவது பட்டியலை எடுத்துக்கொண்டு வார்டு உறுப்பினரிடம் செல்வோம். தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. நம்மில் எத்தனை பேர் ஒன்றுக்காவது போயிருக்கிறோம்? மக்கள் ஒரு பங்கு தந்தால் அரசு எஞ்சியதைத் தரும் 'நமக்கு நாமே' திட்டம் நகர்ப்புறங்களுக்காக 2021இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஓர் அலங்கார வளைவுக்குத் திரட்டும் தொகையை அந்த ஒரு பங்காக வைத்தால் எத்தனை சிறுவர்களுக்கு விளையாட்டிடம் கிடைக்கும் என்பதை நம் ஜமாஅத் நிர்வாகிகள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

அக்தர் ஹமீது கான் 1999இல் மறைந்தார். அவருடைய உடல் ஒராங்கியில், அவர் தொடங்கிய திட்டத்தின் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவர் ஒரு வளைவும் கட்டவில்லை. அவர் வழிகாட்டிய வேலையின் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில், யார் கண்ணுக்கும் தெரியாத குழாய்களாகக் கிடக்கிறது. அவற்றின் மீது பிள்ளைகள் காலில் சேறு படாமல் நடந்து பள்ளிக்குச் செல்கிறார்கள்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது அந்தச் செங்கற்கள் அங்கேயேதான் இருக்கும். அவற்றின் மீது கால் வைப்பதற்கு முன் ஒரு கணம் நிற்போம். பக்கத்தில் நிற்கும் சகோதரரின் தோளைத் தொட்டு, "இதை நாம் என்ன செய்யலாம்?" என்று கேட்போம். அந்தக் கேள்விக்கு இருபது வீடுகள் போதும்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களைப் போலவே நம் பாதைகளையும் தூய்மையாக்கிக்கொள்ளும் மனத்தை நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.